பூட்டிய கதவுக்கு வழி காட்டும் பட்டியல்

குடியிலிருந்து மீள்வோர் குழுக்களின் கூட்டப் பட்டியலைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்காமல், பெயர் வெளியே தெரியாமல், குடியை விட்டவர்களே சேர்ந்து நடத்துகிறீர்கள். கட்டணம் கிடையாது, நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று இருந்தால் போதும் என்று உள்ளே விடுகிறீர்கள். அதனால்தான் கோபத்தில் எதுவும் எழுதிவிடக் கூடாது என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். கோபம் போகவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, உங்கள் பட்டியலில் இருந்த முகவரிக்கு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கொடுத்த மாத்திரையோடு குடியை நிறுத்தி அன்றைக்கு ஒன்பதாவது நாள். கூட்டத்துக்கு வர அவனைச் சம்மதிக்க வைப்பதற்கு எத்தனை வருடம் ஆனது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்களில் பலர் வீட்டிலும் யாராவது அப்படிக் கெஞ்சியிருப்பார்கள். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். "அங்க போய் நான் பேசணுமாக்கா?" என்று வழியில் இரண்டு முறை கேட்டான். பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்து கேட்டாலே போதும் என்றேன். ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறே முக்காலுக்கே போய்விட்டோம். கதவில் பூட்டு. பூட்டின் மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. பட்டியலில் இருந்த முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை, இரண்டாவது அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் நின்றோம். இன்னும் முழுதாக நிற்காத கை நடுக்கம் தெரியக் கூடாது என்று அவன் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். கடைசியில், "யாரும் வர மாட்டாங்கக்கா, வா போலாம்" என்றான். அன்று ராத்திரி குடித்தான்.

குடித்தது அவன்தான், அந்தப் பழியை உங்கள் மேல் போடவில்லை. ஆனால் அப்புறம் விசாரித்தால், கூட்டம் ஏழு மாதத்துக்கு முன்பே இடம் மாறிவிட்டதாம். நாங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் நாற்காலி போட்டு நடந்துகொண்டிருந்திருக்கிறது. வழக்கமாக வருகிற எல்லோருக்கும் புது இடம் தெரியும். தெரியாதது முதல் தடவை வருகிறவனுக்கு மட்டும்தான், அந்தப் பட்டியலே அவனுக்காகத்தானே இருக்கிறது? தயவுசெய்து அதைச் சரிபாருங்கள்.

இந்த மாதிரிக் குழுக்கள் பலவற்றுக்கும் வழிகாட்டியான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில், குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன் வியாபாரம் கைவிட்டுப்போய் ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மது அருந்தும் கூடம், இன்னொரு பக்கம் தேவாலயங்களின் பட்டியல், தொலைபேசி. அவர் பட்டியல் பக்கம் போனார். தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று, ஒருவர் மூலம் இன்னொருவர் எனத் தேடி, மறுநாள் அப்படிப்பட்ட டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அங்கேதான் ஆரம்பம். அன்றைக்கு அந்தப் பட்டியல் சரியாக இருந்தது, மறுமுனையில் யாரோ போனை எடுத்தார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு கூட்டமும் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா, யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்பதையாவது பட்டியலில் போடுங்கள். அடுத்த வாரம் நான் மட்டும் இன்னொரு கூட்டத்துக்கு விசாரிக்கப் போனேன், குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றார்கள். நியாயம்தான், மனம் விட்டுப் பேசுகிற இடத்தில் வெளியாள் எதற்கு. குடும்பத்தாருக்குத் தனிக் குழுக்கள் இருக்கின்றன என்பதையே வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிகளையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் "உதவிக்குழுக் கூட்டத்துக்குச் செல்லவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், எங்கே, எப்போது என்று இல்லை. அறிவுரை தப்பில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இந்தக் கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சைமுறை தொடர்ந்து குடிக்காமல் இருக்க மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாகவே உதவுகிறது என்று 27 ஆய்வுகளை அலசிச் சொன்னது. அவ்வளவு பயன் உள்ள கூட்டத்துக்குப் போகிற வழியை யார் சொல்வது? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அக்காவோ மனைவியோ அம்மாவோ தெருத் தெருவாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா?

சரி, எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நம்பருக்கும் அடித்துப் பார்க்கட்டும், கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் பக்கத்தில் எழுதட்டும். ஆள் இல்லை என்றால் அந்த வேலையை நானே செய்கிறேன்.

தம்பி மறுபடியும் நிறுத்தியிருக்கிறான், இன்றைக்கு ஆறாவது நாள். வருகிற செவ்வாய் அந்த மாடிக்குப் போகிறோம். போன வாரம் பழைய கதவில் புது முகவரியை எழுதி ஒரு காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு மழை பெய்தால் கிழிந்துவிடும், அதற்குள் பட்டியலைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா