ஆர்டர் செய்தது ஐ5-4570, வந்தது ஐ5-4570டி: மாற்றித் தரக் கோரி

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

உங்கள் தளத்தில் ரீஃபர்பிஷ்டு இன்டெல் கோர் ஐ5-4570 ப்ராசஸர் ஒன்றை ஆர்டர் செய்திருந்தேன். பார்சலில் வந்திருப்பது ஐ5-4570டி. மேல் மூடியிலேயே அப்படித்தான் பொறித்திருக்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் மாட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன். போட்டோவும் பில் நகலும் இணைப்பில் உள்ளன. பில்லில் 'டி' கிடையாது. விற்பனைப் பக்கத்தில் 4 கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்), 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று இன்றும் போட்டிருக்கிறீர்கள்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "அதுவும் 4570தான் சார், 'டி'ன்னா கரண்ட் கம்மியா இழுக்கும், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானா? 4570-இல் 4 கோர், 6 எம்பி கேச் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). 4570டியில் 2 கோர், 4 எம்பி கேச், அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ். மின்சார அளவு 84 வாட்டிலிருந்து 35 வாட்டாக இறங்கியிருப்பது சும்மா இல்லை, பாதி கோரே இல்லை. இரண்டுக்கும் ஐ5 என்றே இன்டெல் பெயர் வைத்தது குழப்பம்தான். ஆனால் இதையே தொழிலாகச் செய்பவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா?

"மாட்டிப் பாருங்க, விண்டோஸ்ல நாலு காட்டும்" என்றும் சொன்னார். காட்டும், ஒரே கோரை விண்டோஸுக்கு இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங் இருக்கிறதே! இப்போது என்னிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஐ3-4130-யும் 2 கோர், 4 த்ரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ்தான். டாஸ்க் மேனேஜரில் அதுவும் நாலுதான் காட்டுகிறது. இருப்பதைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை மாட்டவா காசு கொடுத்தேன்?

என்னுடையது எச்81 மதர்போர்டு, எல்ஜிஏ1150 சாக்கெட். அதில் பழைய தலைமுறை ப்ராசஸர்தான் பொருந்தும். புது தலைமுறை ப்ராசஸருக்குப் போனால் போர்டு, ராம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதே சாக்கெட்டில் பொருந்தும் ஐ7-4770-ஐப் பழையதாக வாங்கினாலும் விலை கட்டுப்படியாகவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடுகிறவனுக்கு அசலாகவே நாலு கோர் வேண்டும். என் போர்டில் அதற்கு மலிவான வழி 4570 என்று பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன்.

4570டி மோசமான சிப் என்று நான் சொல்லவில்லை. சின்ன மினி பிசிகளில் அது நன்றாகவே ஓடும். அலுவலகங்கள் கழித்துப் போட்ட அந்த மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்தது உங்களிடம் குவிந்திருக்கலாம். சரி, அதை 4570டி என்று எழுதி அதற்கான விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள்.

"பொருள் வேலை செய்யும் நிலையில் இருப்பதால் முழுப் பணம் தர இயலாது, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது" என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்யவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? வேறு பொருள் வந்தது என்கிறேன். விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே உங்கள் செலவில் இதை எடுத்துக்கொண்டு 4570 அனுப்புங்கள். ஸ்டாக் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். எதைச் செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள், போன் வேண்டாம். அப்புறம், அந்த விற்பனைப் பக்கத்தையும் திருத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ப்ராசஸர் மூடியின் போட்டோ, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்