நுகேகொடை அனெக்ஸ் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கொழும்புக்குப் பக்கத்தில் நுகேகொடையில் பார்த்த அனெக்ஸ், அதுதான் வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடுகிற அந்தச் சின்னப் பகுதி, உனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மாமி "வெள்ளவத்தையில எங்கட சனம் இருக்கேக்க, ஏன் சிங்கள ஆக்களின்ர ஒழுங்கைக்குள்ள போய்த் தனிய இருக்கப் போறாய்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறா என்று எழுதியிருந்தாய். அம்மாவும் மாமி பக்கம்தான். நான் உன் பக்கம்.

இங்கே நாங்கள் இருக்கிற திருகோணமலை மூவினமும் கலந்து வாழும் ஊர் என்று மேடைக்கு மேடை பேசுவார்கள். மாவட்டத்தில் எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லை என்பது உண்மைதான். காலையில் சந்தையில் மீன் விலை தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கேட்கும், யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் முஸ்லிம் ஆள் ஜமாலியாவுக்கு, சிங்கள ஆள் அபயபுரத்துக்கு, தமிழ் ஆள் அன்புவழிபுரத்துக்கு. பகலில் ஒரு ஊர், இருட்டினால் மூன்று. பள்ளிக்கூடமும் அப்படியே பிரிந்துதானே கிடக்கிறது, பிள்ளை படிக்கிற இடத்துக்குக் கிட்ட வீடு தேடத்தானே செய்வார்கள். இத்தனை காலம் கணக்குப் படிப்பித்தேன், என் வகுப்பில் ஒரு சிங்களப் பிள்ளைகூட இருந்ததில்லை.

எங்கள் ஆக்களுக்குள் மட்டும் என்னவாம்? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே "சொந்த இடம் எது? அப்பா என்ன செய்யிறார்? எந்தக் கோயில்?" என்று கேட்பார்கள். மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும். பிறகு வீடு "தம்பிக்குத் தேவைப்படுது".

தோமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், 2005இல் நோபல் பரிசு பெற்றவர், கட்டம் போட்ட பலகையில் இரண்டு விதமான நாணயங்களைப் பரப்பி ஒரு கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு நாணயமும் தன் அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தன் வகை இருந்தால் போதும், இல்லாவிட்டால் வேறு கட்டத்துக்கு மாறும். அவ்வளவுதான் விதி. யாருக்கும் யார் மீதும் வெறுப்பில்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பலகை முழுக்க வகை வகையாகக் கூட்டம் கூட்டமாகப் பிரிந்துவிடுகிறது. மாமி மாதிரி நல்ல மனசுக்காரர்கள் போதும், ஒரு ஊர் பிரிவதற்கு.

ஆனால் அந்த நாணயங்களுக்குத் தமிழருக்கு எதிரான 1983 கலவரம் தெரியாது. மாமிக்குத் தெரியும். இங்கே 2006 ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்து, அதைச் சாட்டிக் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினபோது, கலந்திருந்த ஒழுங்கைகளிலிருந்து சனம் பெட்டியைக் கட்டியதையும் அவ பார்த்தவ. அதனால் அவவோடு வாதாடாதே.

எனக்கு விளங்காத இடம் ஒன்றுதான்: சேர்ந்து இருந்தால் பாதுகாப்பு என்கிறார்களே, 83இல் வெள்ளவத்தையில் தமிழ் வீடுகள் எரியவில்லையா? வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு அல்லவா கொழும்பில் வீடு வீடாக வந்தார்கள். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியபோதும் வெள்ளவத்தை தப்பவில்லை. உயர் நீதிமன்றம் அடுத்த நாளே தடை போட்டது, அது வேறு கதை. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் தேடி வருகிறவனுக்கும் சுகம்தானே. வெள்ளவத்தையில் தோசை நல்லா இருக்கும், கோயில் கிட்ட, பாஷைப் பிரச்சினை இல்லை. அதற்காகப் போவதென்றால் போ. பயத்துக்காகப் போகாதே.

அனெக்ஸுக்குத் தனி வாசல் இருக்கிறதா, இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா என்று ஒருதரம் போய்ப் பார். வீட்டுக்கார அம்மாவோடு உன் சிங்களத்திலேயே பேசு, உடைந்தாலும் பரவாயில்லை. ஒரு வருஷ அட்வான்ஸ் கேட்டால் ஆறு மாதத்துக்குக் குறைக்கப் பார். ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாமல் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, ஒரு ஆளிடம் வாசிக்கக் கொடுத்துக் கேட்டுச் சொல்கிறேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். மாமிக்கு நீதான் போன் பண்ண வேண்டும்.

அன்புடன்,
அப்பா