உற்சாகம் தீர்ந்துபோன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. "ஜிம்முக்குப் போக மனமே வரவில்லை அக்கா, உற்சாகம் வரும்படி ஏதாவது எழுது" என்று கேட்டிருக்கிறாய். உன் சம்மதத்தோடு பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத எனக்குச் சோம்பல்.

உற்சாகமூட்டும் பேச்சு எதுவும் என்னிடம் இல்லை. இடி முழக்கம் போன்ற இசைக்கு நடுவே யாரோ ஒருவர் கத்தும் காணொளிகளை நீ ஏற்கெனவே வேண்டிய அளவு பார்த்துவிட்டாய். அவை ஒரு நாள் காலைக்கு உதவும். மறுநாள் அதைவிடச் சத்தமாக ஒன்று வேண்டியிருக்கும். உன் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியாததுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. பலன் வருகிறதா இல்லையா என்றே தெரியாத வேலையை மாதக்கணக்கில் செய்தால் எவருக்கும் அலுத்துப்போகும்.

"ஆரம்பத்தில் நான் தூக்கும் எடை வாரா வாரம் ஏறியது, இப்போது நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, அதையே எடுத்துக்கொள்வோம். முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி தசை பெருத்ததால் வருவதில்லை, நரம்பு மண்டலம் பழகுவதால் வருகிறது. ஏற்கெனவே இருக்கும் தசை இழைகளில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை கற்றுக்கொள்கிறது. குறுக்கே நிற்கும் தசைகளைத் தளர்த்தவும் கற்றுக்கொள்கிறது. மோரிடானி, டி வ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் இதை அளந்து எழுதினார்கள். முழங்கையை மடக்கும் தசைகளுக்கு 8 வாரம் பயிற்சி கொடுத்ததில், தொடக்கத்தில் நரம்பின் பங்கே முந்தியிருந்தது. 3 முதல் 5 வாரங்களுக்குப் பிறகுதான் தசை வளர்ச்சியின் பங்கு மேலோங்கியது.

இதை வைத்து உன் நிலையைப் பார். எடை மளமளவென்று ஏறிய நாட்களில் உன் தசை அதிகம் வளரவில்லை. நின்றுவிட்டது என்று நீ நினைக்கும் இந்த நாட்களில்தான் அது வளர்கிறது, அல்லது வளர வாய்ப்பிருக்கிறது. கைவிடுவதற்கு இதைவிட மோசமான நேரத்தை நீ தேடிப் பிடித்திருக்க முடியாது.

வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியை நம்பாதே. பயிற்சி முடிந்த கையோடு ரத்தம் ஏறிப் புடைத்த தோள் வேறு, காலையில் எழுந்ததும் தெரியும் தோள் வேறு. எடை பார்க்கும் இயந்திரமும் நாளுக்கு நாள் மாறும்; முந்தின இரவு உப்பு சற்றுக் கூடினாலே உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், முள் ஏறிவிடும். தினமும் பார்ப்பதானால் வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடு. மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் போதும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை, எத்தனை செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று), ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது), கடைசி ரெப்புக்குப் பிறகு இன்னும் எத்தனை போட்டிருக்க முடியும், இவ்வளவுதான் எழுத வேண்டும். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா என்ற உடற்கட்டுப் போட்டிப் பட்டம் வென்ற டோரியன் யேட்ஸ் பயிற்சிக் குறிப்பேடு எழுதுவதில் பிடிவாதக்காரர். அவர் உடம்பு உனக்கும் எனக்கும் வாய்க்காது. அவர் நோட்டு வாய்க்கும்.

நோட்டு இருந்தால் முன்னேற்றத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவை மூன்று செட் போடுகிறாய், 9, 8, 8 ரெப் வருகிறது என்று வைத்துக்கொள். எடையைத் தொடாதே. மூன்று செட்டிலும் 12 வரும்வரை ரெப்பை மட்டும் கூட்டு. வந்ததும் 42.5 கிலோவுக்குப் போ. ரெப் மறுபடி 8, 9 என்று இறங்கும், அங்கிருந்து மீண்டும் ஏறு. இப்படிச் செய்தால் எடை ஏறாத வாரத்திலும் எங்கேயாவது ஒரு ரெப் கூடியிருக்கும். அந்த ஒரு ரெப்பைத்தான் நீ இதுவரை எண்ணாமல் விட்டிருக்கிறாய். போன முறை 9, 8, 8; இன்றைக்கு 9, 9, 8 வருமா என்று பார்க்கத் தோன்றுகிறதே, அந்த அரிப்பு போதும் ஜிம்முக்குக் கிளம்ப. எனக்கு அதுதான் உற்சாகம். பெரிதாக வேறொன்றும் இல்லை.

சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதை மருத்துவ உலகில் முறைப்படுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இளம் வயதில் முடக்குக் காய்ச்சலில் படுத்து, எழுந்தபின் எடை தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அவரிடம் வந்த வீரர்களில் பலருக்கு முழங்காலில் காயம். கால் தசை மெலிந்து கிடந்தது. லேசான எடையைப் பல முறை அசைக்கச் சொல்வதே அன்றைய வழக்கம். அவர் கனமான எடையைக் கொடுத்தார், பலம் கூடக் கூட எடையையும் கூட்டினார். முடிவுகளை 1945இல் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் அவர் சொன்னது பத்துப் பத்து ரெப்பாக 7 முதல் 10 செட் வரை. 1948இல் வாட்கின்ஸ் என்ற சக மருத்துவரோடு எழுதியபோது அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் பாதி, அப்புறம் முக்கால், அப்புறம் முழுசு. புகழ் தேடித்தந்த தன் முறையிலேயே அளவு அதிகம் என்று கண்டதும் மூன்றே ஆண்டுகளில் வெட்டிய மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். நீயோ பலன் குறைகிறது என்று தோன்றும் போதெல்லாம் இன்னும் நாலு செட் சேர்க்கிறாய். உன் மார்புப் பயிற்சிப் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட் ஒழுங்காகப் போட்டால் இப்போதைக்கு உனக்குத் தாராளம். அதையும் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்.

ஒழுங்காக என்றால், செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் மிச்சம் என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். புதியவர்கள் பலர் "இதற்கு மேல் முடியாது" என்று எடையை இறக்கும்போது உண்மையில் இன்னும் நாலைந்து மிச்சம் இருக்கும். எரிச்சலையும் மூச்சு வாங்குவதையும் முடியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் கைபேசியை வைத்து உன் கடைசி செட்டைப் படம் பிடி. எடை மேலே ஏறும் வேகம் கடைசி ரெப்களில் தானாகக் குறைந்திருந்தால் சரி. எல்லா ரெப்பும் ஒரே வேகத்தில் ஏறியிருந்தால் நீ பாதியில் வைத்துவிட்டாய் என்று பொருள். தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையும் அப்படியே படம் பிடித்துப் பார். தொடை எவ்வளவு இறங்குகிறது என்பதில் நம் மனம் சொல்வதும் கேமரா காட்டுவதும் ஒத்துப்போவதே இல்லை.

இனி நீ சமூக ஊடகத்தில் பின்தொடரும் அந்த உடம்புகள். வெளிச்சம், கோணம், படம் எடுப்பதற்கு முன்பு தண்ணீரைக் குறைப்பது எல்லாம் உனக்குத் தெரியும். தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசி விஷயத்தை மட்டும் எண்களோடு சொல்கிறேன். 1996இல் பசின் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 43 ஆண்களைப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசி, மொத்தம் 10 வாரம். மருந்தில்லாமல் எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 1.9 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்குச் சுமார் 3.2 கிலோ கூடியது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவர், உழைத்தவரைவிட அதிகம் ஏற்றிக்கொண்டார். அப்படிப்பட்ட ஒருவரின் "மூன்று மாத மாற்றம்" படத்தை உன் மூன்று மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உற்சாகம் போய்விட்டது என்கிறாய். போகாமல் என்ன செய்யும்?

இந்த எண்களைப் பார்த்து ஊசிப் பக்கம் உன் மனம் சாய்ந்தால், அந்த மருந்து உடம்பின் சொந்தச் சுரப்பையும் விந்து உற்பத்தியையும் அடக்கிவிடும், நல்ல கொழுப்பைக் குறைக்கும், நீண்ட காலப் பயன்பாடு இதயத்தைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துப் படி. என் தம்பியாக இருந்துகொண்டு அதைச் செய்தால் நேரில் வந்து சண்டை போடுவேன். மருந்தில்லாமல் பத்து வாரத்தில் இரண்டு கிலோ என்பது சின்ன எண் இல்லை. உன் கணக்கை அதோடு வைத்துக்கொள்.

சாப்பாட்டைப் பற்றி நீ எழுப்பிய பதினோரு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில்: உன் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்கு. பொடி வாங்காமலும் எட்ட முடிந்தால் பொடி வேண்டாம். கடையில் விற்கும் துணைச் சத்துகளில் கிரியாட்டின் உண்மையிலேயே பலன் தருவது, நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும் எடுக்கலாம். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரவு ஒரு மணிக்கு எனக்குக் கடிதம் எழுதாதே.

பரீட்சை வருகிறது, இரண்டு வாரம் போக முடியாது என்று கவலைப்பட்டிருந்தாய். போகாதே. இரண்டு வாரத்தில் தசை கரைந்துவிடாது. கொஞ்சம் இறங்கினாலும், ஒரு முறை வளர்ந்த தசை இரண்டாம் முறை வேகமாகத் திரும்பி வரும். திரும்பிப் போகும் முதல் நாள் பழைய எடையில் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு.

பரீட்சை முடிந்து மூன்று வாரம் ஆனதும் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. ஸ்குவாட் காணொளியையும் சேர்த்து அனுப்பு. முட்டி வலிக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். எந்தக் கால், வலி முட்டிக்கு மேலா கீழா, படி ஏறும்போதா இறங்கும்போதா என்பதை மட்டும் நாளைக்கே எழுது. அதற்குப் பரீட்சை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா