எந்த டொக்கில் படுத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் ட்ரக் ஓட்டும் தொழிலைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். பெரும்பகுதி பரவாயில்லை. நடுவில் ஒரு வரி: "சரக்கு ஏற்றி இறக்கும் வரை சாரதிகள் வண்டிக்குள் கட்டிலில் படுத்திருக்கலாம், அது தானாகவே ஓய்வு நேரமாகப் பதிவாகிவிடும்." எழுதியவர் எந்த டொக்கில், அதாவது களஞ்சியத்தில் வண்டியை ஒட்டி நிறுத்திச் சரக்கு ஏற்றி இறக்கும் வாசலில், படுத்தார் என்று தெரிந்தால் நல்லது. விலாசம் தந்தால் நானும் ஒருக்கால் போய்ப் படுத்துவிட்டு வருவேன்.

நான் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து 14 வருடமாக அமெரிக்காவுக்கு ஓடுகிறவன். போன பெப்ரவரியில் ஒஹாயோவில், கொலம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம். காலை 4.30க்கு வேலையைத் தொடங்கினேன், 6 மணி அப்பொயின்ட்மென்ட்டுக்கு 5.40க்கே வாசலில் நின்றேன். டொக் கிடைத்தது 9.30க்கு. கடதாசி கையில் வந்தபோது மதியம் 2.10. இடையில் நான் படுக்கவில்லை. சிவப்பு விளக்கு எப்போது பச்சையாகும், போன் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால் வரிசையின் கடைசிக்குத் தள்ளுவார்கள். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி குலுங்கும், அந்தக் கட்டிலும் சேர்ந்துதான். உள்ளே கழிவறைக்கு விடமாட்டார்கள். வெளியில் நிற்கும் பிளாஸ்டிக் பெட்டிதான், உறைபனியில்.

அமெரிக்க விதிப்படி வேலையைத் தொடங்கியதும் 14 மணித்தியாலக் கடிகாரம் ஓடத் தொடங்கும், காத்திருக்கிறான் பாவம் என்று நிற்காது. அதற்குள்தான் 11 மணித்தியாலம் ஓட்டலாம். என் கடிகாரம் மாலை 6.30க்கு முடியும். அடுத்த பாரம் இண்டியானாபொலிஸில். 5.20க்குப் போய்ச் சேர்ந்தேன், ஏற்றி முடித்தபோது 6.50. இரவு இங்கே நிறுத்த முடியாது, வெளியே போ என்றார் காவலாளி. நேரம் தீர்ந்தவன் ஏற்றி இறக்கிய இடத்திலிருந்து பக்கத்துப் பாதுகாப்பான இடம் வரை சொந்த ஓட்டமாக, வேலை நேரத்தில் சேராமல், போகலாம் என்று 2018இல் விளக்கம் தந்திருக்கிறார்கள், அது ஒரு புண்ணியம். ஆனால் முதல் ட்ரக் நிறுத்துமிடம் நிரம்பிக் கிடந்தது, இரண்டாவதும் அப்படித்தான்.

எங்கள் கம்பனியில் ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சில் இருக்கும் தம்பி நம்மவன்தான். "அண்ணை, அங்க நிண்டதை ஸ்லீப்பரிலை போட்டிருக்கலாமே" என்றான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். 7 மணித்தியாலத்துக்கு மேல் ஸ்லீப்பர், அதாவது வண்டிக் கட்டிலில் ஓய்வு, என்று போட்டு, பிறகு இன்னொரு இடைவேளையோடு 10 ஆக்கினால் அது 14இல் சேராது. 8 நாளைக்கு 70 மணித்தியால வேலை என்ற கணக்கிலும் விழாது. நான் காலை 4 மணியிலிருந்து கண்மூடாமல் அன்றிரவும் ஓடியிருக்கலாம், முழுச் சட்டப்படி! கம்பனி சாரதியை வேலையிலிருந்து விடுவித்தால் ஒழியக் காத்திருப்பதும் வேலை நேரம்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

"தானாகவே பதிவாகும்" என்பதற்கு வருகிறேன். வண்டியில் எங்கள் நேரத்தைப் பதியும் ஈஎல்டி கருவி தானாகப் போடுவது ஓட்டத்தை. வண்டி நின்று ஐந்து நிமிடமானால் இன்னும் ஓட்டமா என்று கேட்கும். ஒரு நிமிடம் பதில் சொல்லாவிட்டால் 'ஒன் டியூட்டி', அதாவது வேலை நேரம், என்று மாற்றிவிடும், ஓய்வு என்று அல்ல. ஓய்வு என்று அமத்துவது எங்கள் விரல். அமத்தாதவனுக்கு அடுத்த வாரம் நல்ல ஓட்டம் கிடைக்காது. அன்று எனக்குச் சம்பளம் 220 மைலுக்கு. எட்டரை மணித்தியாலக் காத்திருப்பில் முதல் இரண்டு வழக்கம்போல் இலவசம், மிச்சத்துக்கு "பாப்பம் அண்ணை" என்ற பதில் மட்டும்.

காத்திருப்பு சராசரியாக 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தணிக்கை அலுவலகமே 2018இல் எழுதியிருக்கிறது. தங்களுக்குத் தெரியாததா!

2003இல் நான் இலங்கையில் ஏ9 வீதியில் லொறி ஓட்டினேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மூட்டை மூட்டையாக இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறோம். அங்கேகூட எங்களைப் பார்த்து ஓய்வெடுக்கிறீர்களா என்று யாரும் கேட்டதில்லை.

சரி, என் வேண்டுகோள் சிறியது. அந்த வரிக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், வாரந்தோறும் முழுப்பக்கத்தில் "சாரதிகள் தேவை" விளம்பரம் வருகிறதே, அதில் காத்திருப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காசு தருகிறவர்களிடம் கேட்பது சிரமம் என்றால் திருத்தம் மட்டுமாவது வரட்டும்.

பனிக்காலத்தில் வீதியோரம் நிறுத்துவது பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டினீர்கள். இதையும் வெட்டுவதானால் ஓமந்தையை வெட்டுங்கள். மணிக்கணக்கில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ட்ரக் சாரதி,
ஸ்காபரோ