காரில் போனாலும் உயரம் உயரம்தான்

அன்புள்ள கண்ணுக்கு,

"கார் போற மலையெல்லாம் ஒரு மலையாம்மா?" என்று, நாங்கள் காரில் ஊட்டி தொட்டபெட்டா உச்சிக்குப் போய்வந்ததைச் சொன்ன அன்றைக்குப் போனில் சிரித்தாயே, அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "விடு, விடு" என்று கையைக் காட்டிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மழையில் நனைந்துகொண்டே ஏறிப் படம் அனுப்பினாயே பென் நெவிஸ், அது 1345 மீட்டர். பிரிட்டனில் அதற்கு மேல் உயரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தொட்டபெட்டா 2637. மூட்டுவலித் தைல வாசனையோடு உன் அப்பா நின்றாரே, அந்த இடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழேதான் உன் சிகரம். காரில் போனாலும் உயரம் உயரம்தான்.

ஆயுத பூஜை விடுமுறை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சீக்கிரமே கிளம்பினாலும் கோத்தகிரியில் உன் சித்தி சும்மா விடுவாளா? காபி, அப்புறம் வர்க்கி, அப்புறம் ஊர்க்கதை. ஊட்டி ரோட்டிலிருந்து உச்சிக்குப் பிரியும் இடத்துக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அங்கிருந்து மேலே வண்டிகள் ஊர்ந்துதான் போயின.

உச்சியில் திருவிழாக் கூட்டம். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், வேகவைத்த கடலை, சோளக்கதிர், ஸ்வெட்டர் எல்லாம் விற்கிறார்கள். நீயாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாய். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, பேரன்கள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, ஒரு பாட்டி மெல்ல மெல்ல மேலே வந்தார். கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு, "இதுக்கு மேல மலை இல்லையா சாமி?" என்று என்னைக் கேட்டார். "நீலகிரியில இல்லீங்கம்மா. மூணாறுப் பக்கம் ஆனைமுடி இருக்குது, இதைவிட 58 மீட்டர் ஒசத்தி" என்றேன். "அது கெடக்குது, இது போதும்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ரோடு இல்லையென்றால் அவர் எங்கே வருவது, உன் அப்பாதான் எங்கே வருவது? மலையில் ரோடு போட்டதால் வரும் கெடுதலெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நல்ல முழங்கால் இருப்பவர்களுக்கு மட்டும்தான் மலை என்று நீ சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

புளிசாதம் கட்டிக்கொண்டு போன டப்பாவை வெளியே எடுத்தால், மூடி நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. திறந்ததும் டப் என்று ஒரு சத்தம். டப்பாவுக்குள் கீழே கோபியில் அடைத்த காற்று, வெளியே அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழுத்தமே உள்ள காற்று. இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம், மடிமேல் நடந்தது. பக்கத்தில் இருந்த பையன்களைக் கூப்பிட்டு விளக்கினேன். "டீச்சரம்மா ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு?" என்றார் உன் அப்பா. டீ ஏன் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன்: அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

சரி, காட்சிக்கு வருகிறேன். முதலில் கேத்திப் பள்ளத்தாக்கு, குன்னூர்ப் பக்கத்துச் சரிவு, தேயிலை, கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ், சீகை மரம் எல்லாம் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. சாப்பிட்டு நிமிர்வதற்குள் கிழக்கிலிருந்து மஞ்சு ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. சுற்றுலாக் கழகத்தின் தொலைநோக்கி முன்னால் வரிசை மட்டும் கலையவில்லை. அதில் கண்ணை வைத்த ஒரு குழந்தை, "அப்பா, பால் தெரியுது" என்றது.

நிறையப் பேர் கிளம்பிப் போனார்கள். எனக்கோ அப்போதுதான் சுவாரசியமே. இந்த மலைதான் நீலகிரியின் மழையைப் பங்கு வைக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேகம் கூடலூர், அவலாஞ்சிப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்தக் காற்றுதான். ஐப்பசியில் காற்று திரும்பினால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் முறை. அந்த மேகம் ஏறி வருவதைத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சேலைத் தலைப்பின் நூல்முனைகளில் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது.

1847-லேயே, சென்னை வானாய்வகத்தின் மேற்பார்வையில், இந்த உச்சியில் ஒரு பங்களாவில் வானிலைக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். உன் பென் நெவிஸ் உச்சியில் வானிலை நிலையம் வந்தது 1883-இல். அதிலும் நாங்கள்தான் முந்தி. ஆனால் ஒரு விஷயத்தில் உன் மலைக்கு விட்டுக்கொடுக்கிறேன். 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் அந்த நிலையத்தில் தங்கி, மேகத்தின்மேல் விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைப் பார்த்தார். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கப் போய்த்தான், அணுத்துகளின் தடத்தைக் காட்டும் முகிற்கூடம் பிறந்தது. 1927-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மலை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நீ அங்கே போய் நிற்பாய் என்று அப்போது தெரியுமா என்ன?

இறங்கும் வழியில் சோலை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னேன். காட்டுப்பூவரசு மரத்தில் (ரோடோடென்ட்ரான்) பூ இல்லை. நீலகிரிச் சிரிப்பான் பறவை மட்டும் புதருக்குள்ளிருந்து சிரித்தது, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டையோடு. உன் அப்பா அதற்குள் முன்சீட்டில் தூங்கிவிட்டார்.

நீ அனுப்பிய படத்தில் உன் முதுகுக்குப் பின்னால் இடிந்த கல்சுவர் தெரிகிறது. அதுதான் அந்த வானிலை நிலையம். தெரிந்துதான் அதன்முன் நின்றாயா, இல்லை மழைக்கு ஒதுங்கினாயா? சுவர் மட்டும் உள்ள படம் இருந்தால் பெரிதாக அனுப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாவது படிக்கிறாள், அவளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா