புத்தகப் பட்டியல் யாருடையது? மதுரை வட்டாரக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் பதினெட்டாயிரம் புத்தகங்களின் விவரத்தை ஏற்றி வைத்திருந்தோம். விற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் கணினி படுத்துவிட, தரவை வெளியே எடுத்துப் பார்த்தால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கின்றன. எல்லாக் கணினியும் படிக்கிற பொதுக் குறிமுறையான யூனிகோடு இல்லாத ஏதோ ஒரு எழுத்துருவில் ஏற்றியிருக்கிறோம். அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை இறக்கி மறுபடி தட்டச்சு செய்ததில் இரண்டு கோடை விடுமுறை போயிற்று.

அந்த வயிற்றெரிச்சலில்தான் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்து நூலகங்களின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும், 1999இல் புதிதாக எழுதிக்கொண்டார்கள். 2000 ஜனவரியில் அதை ஓடவிட்டு, பிறகு மூலநிரலையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்கிற அன்பளிப்பு. மொய் நோட்டு வைத்திருக்கும் உசிலம்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

"சும்மா கிடைப்பது உருப்படுமா?" என்று கேட்பீர்கள். சும்மா கிடைப்பது உரிமம் மட்டும்தான். சர்வர் வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிமத்துக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் கட்டும் பணத்தில் உங்கள் நூலகரையே அனுப்பிப் பயிற்சி கொடுக்கலாம். வெளி ஆளை நம்பி வைத்தால் கோஹாவும் ஒருநாள் கைவிடும்.

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோல் என்ற நூலக மென்பொருளை வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எதை வாங்கினாலும் சரி, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கேட்ட நேரத்தில் முழுப் பட்டியலையும் யூனிகோடில், மார்க் 21 வடிவத்தில் தர வேண்டும். நூலகங்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம் அது. அந்த வரிக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

முழு நூலகத்தையும் ஒரே நாளில் மாற்றப் பயமாக இருந்தால், வரும் மே மாதம் ஒரு துறை நூலகத்தில் கோஹாவை நிறுவிப் பாருங்கள். தமிழ்த் துறையாக இருந்தால் நல்லது. எழுத்துருச் சிக்கல் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பஸ் செலவு என்னுடையது, கூப்பிட்டால் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்