விசா விண்ணப்பத்துக்கு முன்

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். நியூ ஜெர்சியில் அக்கா மகளுக்குத் தை மாதம் காது குத்த நாள் பார்த்திருக்கிறார்கள். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்று அக்கா உன்னை எதிர்பார்த்திருக்கிறாள். டொராண்டோவிலிருந்தே அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கப் போவதாக நீ சொன்னபோது மகிழ்ந்தேன். அதே பேச்சில், கல்லூரிக் காலத்தில் இங்கே நண்பர்களோடு சிலமுறை கஞ்சா புகைத்ததையும் நீயாகவே சொன்னாய். என்னிடம் மறைக்காததே எனக்குப் பெரிது. ஆனால், "அது பழைய கதை, இங்கே கஞ்சா கடையிலேயே கிடைக்கிறது" என்றாயே, அதற்காகத்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவை அனுமதித்தது உண்மை. அதற்குப் பிறகு அங்கே சட்டத்துக்கு உட்பட்டுப் புகைத்தவரின் நிலை வேறு, வேலூரில் புகைத்த உன் நிலை வேறு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி இங்கே அது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ, போதைப்பொருள் தொடர்பான எந்த நாட்டுச் சட்டத்தை மீறியிருந்தாலும், வழக்கோ தண்டனையோ இல்லாதபோதும், மீறியதை உரிய முறையில் ஒப்புக்கொண்டாலே நுழைவை மறுக்க இடம் தருகிறது. அங்கே பல மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்திருக்கலாம்; எல்லையில் உன்னைக் கேட்பவர் மத்திய அரசின் அதிகாரி.

நடுவர் நீதிமன்றத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு இது நன்றாக உறைக்கிறது. கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியில் பேருந்தில் பிடிபட்ட பொட்டலங்கள், பழுப்பு டேப் சுற்றி, அரக்கு முத்திரையோடு என் மேஜைக்கு வரும். பீரோவைத் திறந்தாலே காய்ந்த தழை வாடை அடிக்கும். 60 கிராமோடு பிடிபட்ட ஒரு பையன் கூண்டில் நின்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு உன் வயதுதான் அவனுக்கு. போலீசிடம் அவன் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்த வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது, ஏனென்றால் போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் நம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. அமெரிக்க எல்லையில் பொட்டலமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். உன் வாய்ச்சொல்லே ஆயுளுக்கும் தடையாகிவிடலாம்.

விசா படிவத்திலேயே, போதைப்பொருள் சட்டம் எதையாவது எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. தயவுசெய்து பொய் எழுதாதே. பொய் சொல்லி விசா வாங்கியதாகத் தெரிந்தால் அதற்கென்றே தனித் தடை உண்டு, அதுவும் ஆயுளுக்கும்தான். அதற்காக, அறைத்தோழன் சொன்னதைக் கேட்டு அவசரமாக எதையும் நிரப்பிவிடாதே. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் முதலில் போய், எந்த ஆண்டு, எந்த இடம், எத்தனை முறை என்று எதையும் விடாமல் சொல். தடை வந்தாலும் தற்காலிகப் பயணத்துக்கு விலக்கு கேட்க வழி உண்டு; அது மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால்தான் இப்போதே அவசரப்படுத்துகிறேன்.

இன்னொன்று. அந்த நாட்டு அதிகாரிகள் எல்லையில் போனையும் வாங்கிப் பார்க்கலாம். கனடாவில் வாங்கிய கஞ்சா மிட்டாய் ஒன்று பையின் ஓரத்தில் கிடந்தாலும், எல்லை தாண்டினால் இரண்டு நாட்டிலும் குற்றம்.

வக்கீல் கட்டணத்தை நான் அனுப்புகிறேன். தை மாதத்துக்குள் முடியாது என்று அவர் சொன்னால் கலங்காதே, காதுகுத்தை வைகாசிக்குத் தள்ளிவைக்கும்படி அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவரைப் பார்த்த அன்றே போன் செய்.

அன்புடன்,
அப்பா